கருமருந்துத் துவக்குகளின் சுடாத மாதிரிகளைக் குறைந்த செலவில் காலவரிசையாகத் தொகுத்தல்: முழுமையான வழிகாட்டி

பாடசாலை வரலாற்று அறை, வாசிகசாலை, சனசமூக நிலையம் ஆகியவற்றில் பழைய கருமருந்துத் துவக்குகளின் மாதிரிகளை வைக்க விரும்பும் வன்னி வாசகர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. திரித் துவக்கிலிருந்து மார்ட்டினி ஹென்றி வரைக்குமான மாற்றங்களை மரத்தாலும் தகரத்தாலும் அட்டையாலும் காட்டிவிடலாம். அதற்குப் பணத்தைவிட ஒழுங்கே அதிகம் தேவைப்படுகிறது. இத்தொகுப்பைத் தொடங்கிய பலர் இடையில் நின்றுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் கைத்திறனுக்குக் குறைவில்லை. பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்ததே பெரும்பாலும் காரணமாக இருந்தது. ஆகையால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. எல்லையை முதலில் வகுத்துக்கொள்ளுங்கள்

வெளிநாடுகளில் இத்தகைய தொகுப்பு வைத்திருப்பவர்கள் இத்தாலியின் பெடர்சோலி, உபேர்ட்டி, பியெட்டா போன்ற நிறுவனங்கள் செய்யும் மறுஉருவாக்கத் துவக்குகளை வாங்குகிறார்கள். அவை உண்மையாகவே சுடக்கூடியவை. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கும்போது, அவற்றை வரவழைக்கலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். வீட்டுக் கூரையில் செருகிக் கிடக்கும் பழைய இடியனை, அதாவது வாய்வழியே இடித்து நிரப்பும் நாட்டுத் துவக்கை, கேட்டு வாங்குவதும் அதே காரணத்தால் கூடாது. அனுமதிப்பத்திரமில்லாத இடியன் எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் அது துவக்குத்தான். கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருங்கே சிக்கலில் மாட்டுவார்கள்.

எனவே நமது தொகுப்பில் சுடக்கூடிய எதுவும் இராது. இதற்கு மூன்று விதிகளை வைத்துக்கொள்ளுங்கள். குழல் முழுக்க முழுக்கத் திடமான மரமாக இருக்க வேண்டும். அதில் துளை போடவோ இரும்புக் குழாயைப் பயன்படுத்தவோ கூடாது. துவக்கின் முழு உருவம் அசலின் அரை அளவில் இருக்க வேண்டும். இயங்குமுறையைக் காட்டும் பூட்டு, அதாவது மருந்தைத் தீப்பற்றவைக்கும் பொறி, அசலைப் போல் இரு மடங்கு பெரிதாக, ஒரு பலகையில் தனியே பொருத்தப்பட வேண்டும்.

அரை அளவு என்பதில் நான் விடாப்பிடியாக நிற்பதற்குக் காரணம் உண்டு. துவக்கைத் தோளில் சுமந்தவர்களையும் துவக்கின் முன் நின்றவர்களையும் கண்ட மண் இது. முழு அளவில், கறுப்புப் பூச்சோடு, தூரத்திலிருந்து பார்த்தால் அசல் என்று தோன்றும் ஒரு பொருள் பாடசாலைச் சுவரில் தொங்கினால், பிள்ளையைக் கூட்டிச் செல்ல வந்த தாய் ஒருவருக்கு அது வரலாற்றுப் பாடமாக இராது. அரை அளவு மாதிரியோ பார்த்த கணமே மாதிரி என்று தெரிந்துவிடும். மரமும் இடமும் மிச்சமாவது கூடுதல் நன்மை. பூட்டைப் பெரிதாக்குவதன் காரணம் வேறு. மாற்றங்கள் நிகழ்ந்த இடம் பூட்டுத்தான். வகுப்பறையின் பின்வரிசையில் இருப்பவருக்கும் அது தெரிய வேண்டும்.

2. வேலை தொடங்கும் முன் பேச வேண்டியவர்கள்

பாடசாலை என்றால் அதிபரிடமும், ஊர் நிலையம் என்றால் அதன் நிர்வாகத்திடமும் கிராம அலுவலரிடமும் முதலில் பேசுங்கள். பிறகு எதை, என்ன பொருளில், எந்த அளவில் செய்யப்போகிறீர்கள் என்பதை ஒரு பக்கக் கடிதமாக எழுதி, கையால் வரைந்த படம் ஒன்றையும் இணைத்து, உங்கள் பிரதேசப் பொலிஸ் நிலையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்துடன் பிரதியை வாங்கி வையுங்கள். போலித் துவக்குகள் பற்றி அங்கு ஏதேனும் நிபந்தனை சொல்லப்பட்டால் அதை எழுத்தில் கேளுங்கள்.

பலர் மாதிரியைச் செய்து முடித்த பின்னரே கடிதம் எழுதலாம் என்று நினைக்கிறார்கள். செய்து முடித்த பொருளுக்கு விளக்கம் சொல்வதைவிட, செய்யப்போகும் பொருளுக்கு அனுமதி கேட்பது எப்போதும் எளிது. இணையத்தில் பிளாஸ்டிக் அல்லது உலோகச் சிறு மாதிரிகளை வாங்க நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும். துவக்கின் உருவம் கொண்ட பொதி சுங்கத்தில் தடுக்கப்படலாம் என்பதால், பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

3. பத்தாண்டுகளைத் தெரிவு செய்தல்

அழகான துவக்கைத் தேடாதீர்கள், மாற்றத்தைத் தேடுங்கள். புதிதாக வருபவர்கள் அநேகமாக 1850களிலும் 1860களிலும்தான் இறங்குகிறார்கள். அந்தக் காலத்துப் படங்களே அதிகம் கிடைப்பதால், முடிவில் அவர்களிடம் ஒரே வகைப் பூட்டுடைய நான்கு துவக்குகள் சேர்ந்துவிடுகின்றன. பார்ப்பவருக்கு அவை நான்கும் ஒன்றுதான். ஒவ்வொரு மாதிரியும் அதற்கு முந்தியதில் இல்லாத ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பின்வரும் வரிசை போதுமானது.

திரித் துவக்கு, 1500களிலிருந்து 1610கள் வரை. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்ததிலிருந்து 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்தது வரைக்குமான காலத்தை இது காட்டும். எரியும் திரியை ஒரு வளைந்த கரம் பிடித்துக்கொண்டு மருந்துக் கிண்ணியில் தாழ்த்தும். இதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் இருந்த, சுழலும் சக்கரத்தால் பொறி எழுப்பும் சக்கரப் பூட்டு விலை உயர்ந்தது, செய்வதற்கும் கடினமானது, சாதாரணக் காலாட்படையிடம் பரவாதது. அதை ஒரு படத்தோடு கடந்துவிடலாம்.

இலங்கையில் செய்யப்பட்ட துவக்கு, 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகள். இதை விட்டுவிடாதீர்கள். கண்டி இராச்சியக் கைவினைஞர் செய்த துவக்குகளில் பூட்டு பெரும்பாலும் இடப்பக்கத்தில் இருக்கும். அடிக்கட்டை இரண்டாகப் பிளந்து வளைந்திருக்கும். செதுக்கு வேலை நிறைந்திருக்கும். நெதர்லாந்திலிருந்து 2023இல் இலங்கைக்குத் திருப்பித் தரப்பட்ட பொருள்களில், 1765இல் கண்டியிலிருந்து கொண்டுபோகப்பட்ட புகழ்பெற்ற சிறு பீரங்கியோடு இத்தகைய பெரிய துவக்குகள் இரண்டும் இருந்தன. நமது நாட்டுக் கைகள் செய்த பொறி என்பதால் மாணவர் இதன் முன்னால்தான் அதிக நேரம் நிற்பார்கள்.

சக்கிமுக்கித் துவக்கு, 1790களிலிருந்து 1800கள் வரை. இதற்குப் ப்ரவுன் பெஸ் என்ற ஆங்கிலேயப் படைத் துவக்குக் குடும்பத்தின் இந்தியா மாதிரியைத் தெரிவு செய்யுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செய்யப்பட்டு வந்த இந்த வடிவத்தை 1797இல் பிரித்தானிய அரசும் தன் படைக்கு ஏற்றுக்கொண்டது. வன்னிக்கு இது நெருங்கிய சாமான். பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியபோதும், அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோற்றபோதும், ஆங்கிலேயக் காலாட்படையின் பொதுவான ஆயுதம் இக்குடும்பத்துத் துவக்கே. ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் அந்தத் தோல்வியைக் குறிக்கும் நினைவுக்கல் பற்றி அறியாத பிள்ளை இங்கு இல்லை. அந்தக் கல்லின் படத்தை இந்த மாதிரிக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

பேக்கர் ரைபிள், 1800கள். பூட்டு முன்னையதுதான், மாற்றம் குழலின் உள்ளே. குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய பள்ளங்களான ஏழு புரிகள் குண்டைச் சுழலவிட்டன.

கேப்புத் துவக்கு, 1830களிலிருந்து 1840கள் வரை. தட்டினால் வெடிக்கும் இரசாயனத்தைக் கொண்டு துவக்கைத் தீப்பற்றவைக்கும் முறைக்கு ஸ்கொட்லாந்து மதகுரு அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807இல் காப்புரிமை பெற்றார். அந்த இரசாயனத்தை உள்ளே கொண்ட சிறு மூடியான செப்புக் கேப்பு அதன் பின் வந்தது. பிரித்தானியப் படை 1834இல் வூலிச்சில் சோதித்துப் பார்த்து, அடுத்த சில ஆண்டுகளில் இதற்கு மாறியது.

என்ஃபீல்ட் 1853 மாதிரி. கேப்பும் புரியும் ஒன்றாகச் சேர்ந்து, அடிப்பகுதி குழிவான கூர்நுனிக் குண்டோடு வந்த துவக்கு. இந்தியாவின் 1857 எழுச்சியோடு இதன் தோட்டா உறையின் கொழுப்பு தொடர்புபட்டிருப்பதால் வரலாற்று ஆசிரியர்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள்.

ஸ்நைடர் 1866, மார்ட்டினி ஹென்றி 1871. வாய்வழியே இடித்து நிரப்பும் காலம் இங்கே முடிகிறது. ஸ்நைடர் என்பது என்ஃபீல்டின் பின்பகுதியை வெட்டி, பக்கவாட்டில் திறக்கும் கதவு வைத்தது. மார்ட்டினியில் வெளியே சுத்தியே இல்லை. கீழுள்ள நெம்புகோலை இழுத்தால் குழலின் பின்வாயை அடைத்து உள்ளிருக்கும் கட்டை தாழும். பிரான்ஸ் 1886இல் புகையற்ற மருந்துக்கான லெபெல் துவக்கைக் கொண்டுவந்ததோடு கருமருந்தின் காலம் படைகளில் முடிவை நெருங்கியது. தொகுப்பையும் அங்கே நிறுத்துங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்ய முனைய வேண்டாம். திரி, சக்கிமுக்கி, கேப்பு என்ற மூன்றும் முதலில். இவை இருந்தாலே தொகுப்பு தன் கதையைச் சொல்லிவிடும். மற்றவை இடைவெளிகளை நிரப்புபவை. கோல்ட் 1851 போன்ற சுழல் கைத்துப்பாக்கிகளை நான் மரத்தில் செய்யச் சொல்வதில்லை. அவை முழு அளவிலேயே 33 சென்ரிமீற்றர்தான் என்பதால் அரை அளவு மாதிரி பிள்ளைகளின் சட்டைப் பைக்குள் போய்விடும். அட்டையில் பெரிதாக வரைந்து வைப்பதே நல்லது.

4. படங்களும் அளவுகளும்

உளியை எடுப்பதற்கு முன், ஒவ்வொரு மாதிரிக்கும் நேர்ப்பக்கப் படம் ஒன்றும் உறுதியான ஓர் அளவும் கையில் இருக்க வேண்டும். இங்கிலாந்தின் றோயல் ஆமரீஸ், ஆம்ஸ்ரர்டாமின் றைக்ஸ் அருங்காட்சியகம் இரண்டும் தம் சேகரிப்புகளின் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. பெரும்பாலும் படத்தோடு நீளமும் தரப்பட்டிருக்கும். விளம்பரப் படங்களிலும் திரைப்படக் காட்சிகளிலும் இருந்து வரையாதீர்கள். அவை சரிவான கோணத்தில் எடுக்கப்பட்டவை. வாய்ப்பக்கம் பெரிதாகவும் அடிக்கட்டை சிறிதாகவும் வந்துவிடும்.

கணக்கு எளிது. இந்தியா மாதிரியின் குழல் 39 அங்குலம், அதாவது ஏறத்தாழ 99 சென்ரிமீற்றர். அரை அளவில் 49.5. உங்கள் அச்சுப்படத்தில் குழல் 13 சென்ரிமீற்றர் இருந்தால், 49.5ஐ 13ஆல் வகுக்க 3.8 வரும். படத்தில் நீங்கள் அளக்கும் ஒவ்வொன்றையும் 3.8ஆல் பெருக்கினால் மாதிரியின் அளவு கிடைக்கும். முழு நீளத்தையும் இதே முறையில் கணக்கிட்டு, அருங்காட்சியகம் தரும் எண்ணின் பாதியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருந்தால் படம் சரிந்த படம். வேறு படம் தேடுங்கள்.

மற்றத் துவக்குகளுக்குத் தேவைப்படும் எண்கள்: பேக்கரின் குழல் 30 அங்குலம்; என்ஃபீல்ட் 1853இன் குழல் 39 அங்குலம், முழு நீளம் 55 அங்குலம்; மார்ட்டினி ஹென்றியின் முழு நீளம் ஏறத்தாழ 49 அங்குலம். திரித் துவக்குகள் ஒரே அளவில் செய்யப்பட்டவை அல்ல; ஆகவே குறிப்பிட்ட ஓர் அருங்காட்சியகப் பொருளைத் தெரிவு செய்து அதையே பின்பற்றுங்கள். இரண்டு மூன்று படங்களைக் கலந்து ஒன்றைச் செய்தால் எங்கும் இல்லாத துவக்கு ஒன்று பிறக்கும்.

5. மரமும் மற்றப் பொருள்களும்

மரக்காலையிலும் தளபாடம் செய்யும் பட்டறையிலும் விழும் துண்டுகளே போதும். அரை அளவு மாதிரிக்கு முக்கால் மீற்றர் நீளத் துண்டு கிடைத்தால் சரி. கட்டைக்கு, அதாவது குழலையும் பூட்டையும் தாங்கும் மரப்பகுதிக்கு, வேம்பு அல்லது தேக்கு நல்லது; இரண்டையும் செதுக்க முடியும், இரண்டும் எளிதில் பூச்சி பிடிக்காதவை. முதிரையும் பாலையும் அழகானவைதான், ஆனால் கை வாளோடு புதிதாகத் தொடங்குபவருக்கு அவை மிகக் கடினம். காட்டில் வெட்டிய மரம் எதையும் வாங்காதீர்கள். பட்டறைத் துண்டு என்றால் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு பற்றுச்சீட்டையாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மரம் காய்ந்திருக்க வேண்டும். மாரியில் ஈரத்தோடு வாங்கிய துண்டைச் செதுக்கி முடித்தால், வைகாசி, ஆனியில் சோளகக் காற்று அடிக்கும்போது கட்டை நீளவாக்கில் வெடித்துவிடும். வாங்கிய துண்டுகளின் இரு முனைகளிலும் பெயின்ற் பூசி, நிழலில், காற்றோட்டம் இருக்கும்படி அடுக்கி வையுங்கள். முனைவழியே ஈரம் விரைவாகப் போவதால்தான் வெடிப்பு அங்கே தொடங்குகிறது. பெயின்ற் அதை மெதுவாக்கும்.

பூட்டுப் பலகைகளுக்குப் பிளைவூட், தகட்டு உறுப்புகளுக்குப் பால்மா ரின், அச்சாணிகளுக்குச் சைக்கிள் கம்பி, விசைச்சுருளுக்குப் பதில் இறப்பர் பட்டி. இவற்றோடு மரப்பசை, சாண்ட்பேப்பர், சீவுளி, இரண்டு உளிகள், வளைவு அறுக்கும் மெல்லிய வாள், அரம், சிறிய துளைக்கருவி ஆகியவை தேவை. ரின் வெட்டும்போது கையுறை அணியுங்கள். வெட்டிய விளிம்பை உடனே அரத்தால் மழுக்குங்கள்.

ஒரு பொருளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்க வேண்டாம். பழைய இரும்பு வாங்குபவரின் குவியலிலும், காணியிலும், குளக்கட்டிலும் கிடக்கும் இனந்தெரியாத உலோகத் துண்டுகளைத் தொடக்கூடாது. பொருத்தமான வடிவில் ஒரு குழாயோ பித்தளைத் துண்டோ கண்ணில் பட்டாலும், வெடிக்காத பொருளாக இருக்கும் அபாயம் நம் பகுதியில் இன்னும் இருக்கிறது. கண்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி, பொலிஸாருக்கு அறிவியுங்கள். தொகுப்புக்குப் பொருள் தேடித் தருமாறு மாணவரை அனுப்பவே அனுப்பாதீர்கள்.

6. பூட்டை முதலில் செய்யுங்கள்

கட்டையைச் செதுக்குவது இன்பமான வேலை என்பதால் எல்லோரும் அதில் தொடங்குகிறார்கள். பூட்டு புரியாமல் செதுக்கிய கட்டையில், பூட்டு உட்காரும் இடம் தவறாக அமைந்துவிடும். பிறகு அதை நிரப்பிச் சரிசெய்ய முடியாது. இரு மடங்குப் பூட்டை முதலில் செய்தவர், கட்டையில் எந்த உறுப்பு எங்கே வரும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

பலகையை ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் வெட்டுங்கள். உறுப்புகளை முதலில் தடித்த அட்டையில் வெட்டி, குண்டூசியால் குத்திச் சுழற்றிப் பாருங்கள். அட்டையில் சரியாகச் சுழலாத எதுவும் பிளைவூட்டில் சுழலப்போவதில்லை. அட்டையில் சரி பார்த்த பின்பே பிளைவூட்டை அறுங்கள்.

திரிப் பூட்டு எல்லாவற்றிலும் எளிது: வளைந்த கரம், கிண்ணி, கீழே விசை. ஆனால் கரம் சாயும் திசையில்தான் அநேகர் தவறுகிறார்கள். பிற்கால ஐரோப்பியப் படைத் துவக்குகளில் கரம் கிண்ணிக்கு முன்னால் இருந்து, சுடுபவரை நோக்கிப் பின்புறம் சாயும். இந்தியத் திரித் துவக்குகளில் அது பின்னால் இருந்து வாய்ப்பக்கம் முன்னோக்கிச் சாயும். நீங்கள் தெரிவு செய்த அசல் எந்த வகை என்பதைப் படத்தில் உறுதிசெய்யுங்கள்.

சக்கிமுக்கிப் பூட்டில்தான் நேரம் செலவாகும். செலவிடத் தகுந்ததும் அதுவே. சுத்தியின் இரண்டு தாடைகளுக்கு இடையே கல் இருக்கும். கல் வழுக்காமல் இருக்க அதைச் சுற்றித் தோல் துண்டு ஒன்று வைக்கப்பட்டது. மாதிரியில் கல்லுக்குப் பதில் மரத்துண்டு போதும். தோலை மட்டும் பழைய செருப்பிலிருந்து உண்மையாகவே வெட்டி வையுங்கள். எதிரே நிற்கும் உருக்குத் தகடு கிண்ணியின் மூடியாகவும் இருக்கிறது. கல் அதன் முகத்தை உரசிக்கொண்டு இறங்கும்போது தகடு முன்னோக்கிச் சாய்ந்து கிண்ணியைத் திறந்துவிடும். பொறி திறந்த கிண்ணிக்குள் விழும். ஒரே அசைவில் இரண்டு வேலை. 1610ஐ ஒட்டிப் பிரான்சில் உருவானதாகக் கொள்ளப்படும் இந்தப் பூட்டு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்ததன் காரணத்தைப் பிள்ளைகள் கையால் சுழற்றிப் பார்த்தே கண்டுகொள்வார்கள். நாட்டுத் துவக்குப் பூட்டுகள் சிலவற்றிலும் அதற்கு முந்திய ஐரோப்பியப் பூட்டுகளிலும் தகடும் மூடியும் தனித்தனியாக இருந்ததை இதற்குப் பக்கத்தில் காட்டினால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

பலகையின் பின்புறத்தில், சுத்தியின் அச்சோடு சேர்ந்து சுழலும் வட்டு ஒன்று உண்டு. அதில் இரண்டு வெட்டுகள் இருக்கும்: ஆழமானது சுத்தியைப் பாதி இழுத்து நிறுத்தும் அரை ஏற்றத்துக்கு, மேலோட்டமானது சுடத் தயாராக முழுதும் இழுத்து நிறுத்தும் முழு ஏற்றத்துக்கு. அரை ஏற்றத்தில், வெட்டுக்குள் விழுந்து வட்டை நிறுத்தும் தடுக்கு ஆழமாகச் சிக்கியிருப்பதால் விசையை இழுத்தாலும் சுத்தி விழாது. அந்த நிலையில்தான் கிண்ணியில் மருந்து இடப்பட்டது. இரண்டு வெட்டுகளையும் ஒரே ஆழத்தில் வெட்டிவிட்டால் இந்தப் பாதுகாப்பு முறையே விளங்காமல் போய்விடும். வட்டை மறைக்காமல், பலகையை இரு பக்கமும் பார்க்கும்படி நிறுத்துங்கள். இறப்பர் பட்டியை இறுக்கமாகக் கட்ட வேண்டாம். சுத்தி மெதுவாக விழுந்தால்தான் கண் பின்தொடரும், விரலும் நசியாது.

கேப்புப் பூட்டுக்குப் புதிய பலகை வேண்டாம். 1830களிலும் 1840களிலும் படைகள் தம் பழைய சக்கிமுக்கித் துவக்குகளைத் தூக்கி எறியவில்லை. கிண்ணியையும் உருக்குத் தகட்டையும் கழற்றி, கேப்பு உட்காரும் சிறு முலையைப் பொருத்தி, சுத்தியை மாற்றிக்கொண்டன. அதையே நாமும் செய்யலாம். முதற்பலகையில் தகட்டையும் கிண்ணியையும் பசையால் ஒட்டாமல் திருகாணியால் பொருத்தி வையுங்கள். கழற்றியதும் அவற்றின் துளைகள் வெறுமையாக நிற்கும். அப்படி மாற்றப்பட்ட அசல் துவக்குகளிலும் அடைக்கப்பட்ட பழைய துளைகளைக் காணலாம் என்பதால் அந்தத் துளைகளை மறைக்காமல் விடுங்கள். புதிய சுத்தியின் மூக்கைக் குழிவாகச் செதுக்க மறக்க வேண்டாம். கேப்பு வெடித்துச் சிதறும்போது துண்டுகள் கண்ணில் படாமல் அந்தக் குழிவே காத்தது. தட்டையான மூக்கு வைத்தவர்கள் பலர்.

7. குழலும் கட்டையும்

குழலை வட்டமாகச் செதுக்கத் தொடங்காதீர்கள். சதுரக் கோலாக ஆரம்பித்து, அடிப்பக்கம் தடித்து வாய்ப்பக்கம் மெலியும்படி நான்கு பக்கமும் சீவுங்கள். பிறகு நான்கு மூலைகளைச் சீவி எட்டுப் பக்கமாக்கி, எட்டைப் பதினாறாக்கி, கடைசியில் சாண்ட்பேப்பரால் வட்டமாக்குங்கள். நேரே வட்டமாக்க முயன்றால் ஒரு பக்கம் வயிறு தள்ளும். வார்னிஷ் பூசிய பின்னரே அது கண்ணுக்குத் தெரியும். வாயில் துளைக்குப் பதில் கறுப்பு வட்டம் ஒன்றை வரைந்தால் போதும். இந்தியா மாதிரியின் துளை முக்கால் அங்குலம் என்பதால் அரை அளவில் வட்டம் 9.5 மில்லிமீற்றர் வரும்.

கட்டைக்குத் துண்டைத் தெரிவு செய்யும்போது, கைப்பிடி வளையும் இடத்தில் மரத்தின் ரேகை வளைவோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ரேகை குறுக்கே ஓடினால் அந்த மெல்லிய இடத்தில்தான் முதல் முறிவு வரும். பக்கவாட்டு உருவத்தை முதலில் அறுத்து, மேலிருந்து பார்க்கும் உருவத்தை அடுத்து அறுத்து, விளிம்புகளைக் கடைசியாக உருட்டுங்கள். குழல் உட்காரும் வாய்க்காலை, கட்டை இன்னும் சதுரமாக இருக்கும்போதே வெட்ட வேண்டும். உருட்டிய கட்டையைப் பிடியில் இறுக்க முடியாது.

இடிகோலை மறக்காமல் வையுங்கள். அது மூங்கில் குச்சியாகவே இருக்கலாம். அது இல்லாத வாய்நிரப்பித் துவக்கு முழுமையானதல்ல. ஆனால் மார்ட்டினி ஹென்றியில் அதே கோல் துடைப்பதற்கு மட்டுமே என்பதைப் பெயர்ப்பலகையில் எழுதுங்கள்.

என்ஃபீல்டையும் ஸ்நைடரையும் ஒரே கட்டையில் காட்டலாம். குழலின் பின்முனையில் ஒரு சிறு பகுதியை வெட்டி, அதே வடிவில் இரண்டு துண்டுகள் செய்யுங்கள். ஒன்று மூடிய என்ஃபீல்ட். மற்றது வலப்பக்கம் கீலால் திறக்கும் கதவுடைய ஸ்நைடர். வரலாற்றில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுவேதான்.

8. புரியையும் குண்டையும் தனியே காட்டுதல்

குழலில் துளை இல்லாததால் புரியை வேறு விதமாகக் காட்ட வேண்டும். புடவைக் கடைகளில் துணி சுற்றி வரும் தடித்த அட்டைக் குழலைக் கேட்டு வாங்கி, 76 சென்ரிமீற்றராக வெட்டி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உட்புறத்தில் நிற நூலை ஒட்டுங்கள். பேக்கரின் ஏழு புரிகளும் அந்த 30 அங்குல நீளத்தில் கால் சுற்று மட்டுமே சுற்றின. புதியவர்கள் திருகாணியைப் போல் பல சுற்றுகள் ஒட்டிவிடுகிறார்கள். என்ஃபீல்டின் மூன்று புரிகள் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஆகவே 39 அங்குலக் குழலுக்குள் அரைச் சுற்றே வரும்.

குண்டுகளைக் களிமண்ணில் முழு அளவில் உருட்டலாம். ஈயம் நச்சு என்பதால் அதை உருக்கக் கூடாது. ப்ரவுன் பெஸ்ஸின் 19 மில்லிமீற்றர்த் துளைக்குள் ஏறத்தாழ 17.5 மில்லிமீற்றர்க் குண்டு போடப்பட்டது. காய்ந்த களிமண் சுருங்கும் என்பதால் சற்றுப் பெரிதாக உருட்டி, காய்ந்த பின் அளந்து தேயுங்கள். 19 மில்லிமீற்றர் துளையிட்ட மெல்லிய பலகைத் துண்டை அருகில் வைத்து, குண்டு அதில் ஆடிக்கொண்டு போவதைக் காட்டுங்கள். விரைவாக இடித்து நிரப்புவதற்காக விட்ட அந்த இடைவெளியே குறி தவறுவதற்கும் காரணம். அடிக்குழிவுள்ள கூர்நுனிக் குண்டு தளர்வாக இறங்கி, வெடிப்பில் அடி விரிந்து புரியைப் பற்றிக்கொண்டதால் இரண்டு சிக்கலும் ஒருங்கே தீர்ந்தன. தொகுப்பில் செலவே இல்லாத பகுதி இது; பார்வையாளருக்கு அதிகம் விளங்குவதும் இதுவே.

9. நிறமும் பராமரிப்பும்

மரத்தை மரமாகவே விடுங்கள். குழலுக்குக் கறுப்போ வெள்ளியோ பூச வேண்டாம். கட்டைக்குத் தடித்த தேயிலைச் சாயம் இரு முறை, குழலுக்கு வெறும் வார்னிஷ். இரண்டு நிறமும் வேறுபட்டுத் தெரியும். எந்தத் தூரத்திலும் இது ஆயுதமாகத் தோன்றாது. சாயம் முழுவதும் காயாமல் வார்னிஷ் பூசினால் வெள்ளை படரும்.

கறையானுக்கு வருடம் இருமுறை வேப்பெண்ணெய் தடவுவது நல்லது. ஆனால் வார்னிஷ் பூசாத உட்புறங்களிலும் நிறுத்தும் சட்டத்தின் கால்களிலும் மட்டும் தடவுங்கள். சுவரில் நேரே சாய்த்து வைத்தால் மாரியில் சுவரின் ஈரம் ஏறும். இரண்டு விரல் இடைவெளி விட்டு மாட்டுங்கள். இறப்பர் பட்டிகள் வெக்கையில் உக்கிவிடும். ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் மாற்றுங்கள்.

10. பெயர்ப்பலகை, காட்சி, கொண்டுசெல்லுதல்

பெயர்ப்பலகையின் முதல் வரியில் "சுடாத மர மாதிரி, அரை அளவு" என்று எழுதுங்கள். அடுத்த வரியில் ஆண்டுகள். அதன் கீழே முந்தியதிலிருந்து மாறியது எது என்று ஒரே வாக்கியம். யார் எந்தப் போரில் வென்றார் என்ற நீண்ட விவரம் வேண்டாம். பார்ப்பவர் இயங்குமுறையைப் பார்க்காமல் எழுத்தை வாசித்துவிட்டுப் போய்விடுவார்.

மாதிரிகளை வாசலுக்கு நேரே வைக்காமல், உள்ளே, பக்கச் சுவரில், வாய்ப்பக்கம் ஒருவரையும் நோக்காதபடி கிடையாக மாட்டுங்கள். முழு உருவங்கள் சிறு பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். தொட்டுச் சுழற்றக்கூடிய பூட்டுப் பலகைகள் மேசைமேல் இருக்கட்டும். காட்சி திறப்பதற்கு முன், ஊரிலுள்ள மூத்தவர்கள் சிலரை அழைத்து, தனியே காட்டி, எது மனதை உறுத்துகிறது என்று கேளுங்கள். அவர்கள் எடுக்கச் சொல்வதை, காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

கண்காட்சிக்காகக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ கொண்டுபோக நேர்ந்தால், குழலையும் கட்டையையும் பிரித்துத் தனித்தனி அட்டைப் பெட்டிகளில் அடைத்து, பெட்டியின் மேல் பாடசாலையின் அல்லது நிலையத்தின் பெயரையும் "வரலாற்று அறை, மர மாதிரிகள்" என்பதையும் மூன்று மொழிகளிலும் எழுதி ஒட்டுங்கள். மோட்டார் சைக்கிளில் தோளில் மாட்டியோ பஸ்ஸில் துணியில் சுற்றியோ ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். பொலிஸ் நிலையத்தில் கையொப்பம் வாங்கிய கடிதத்தின் பிரதியைப் பெட்டிக்குள் வைக்காமல், கொண்டுபோகும் ஆசிரியரின் கையில் கொடுத்து அனுப்புங்கள். வழியில் யாராவது கேட்டால் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அதைக் காட்ட முடிய வேண்டும்.